ஒன்பதாம் நாள் கொடுத்த பொடி

காலையில் கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண் தலைவலிப் பொடியைப் பிரித்து அங்கேயே வாயில் கொட்டிக்கொண்டாள். அந்தக் கசப்பு நெடி மூக்கில் ஏறியதும், வாங்கப் போன காப்பித் தூளை மறந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. இன்னும் இப்படித்தான் கிறுக்குத்தனமாக ஏதாவது செய்கிறேன்.

கல்யாணமாகி காஜா பெராங் ஊரில் நம் வீட்டுக்கு வந்த புதிதில் உனக்கு மாதம் ஒருமுறைதான் மண்டையிடி வரும். பாதித் தலையைப் பிடித்துக்கொண்டு, சன்னலைச் சாத்திப் படுத்துவிடுவாய். ஒரு பொடி இரண்டாகி, இரண்டு நாலானது. மண்டையிடியும் வாரத்தில் நாலு நாள் என்றானது. ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். தையல் மெஷினைப் போர்வை போட்டு மூடினாய். தொட்டதற்கெல்லாம் அழுதாய். "அவளுக்கு ராங்கி" என்றது அக்கம்பக்கம். நானும் ஒருநாள் அதையே சொன்னேன், பாவி.

சுகமாக இருந்த நாளிலும் நீ பொடியைப் பிரிப்பதைப் பார்த்து, "வலியே இல்லையே, எதுக்கு?" என்றேன்.

"நீங்க வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்கு வந்துட்டா? சிரிச்ச மொகமா இருக்கணும்ல."

டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் நம் இருவரையும் முறைத்தார். "பொடிதாம்மா இப்ப வலியக் கூப்பிடுது. ரெண்டு வாரம் தொடாத. மொத பத்து நாளு உசுரு போறாப்புல இருக்கும், பொறுத்துக்க."

பொறுத்துக்கொண்டாய். வாந்தி, நடுக்கம், சுவரில் தலையை முட்டிக்கொண்டாய். எட்டு நாள் கழிந்தது. ஒன்பதாம் நாள் மெர்டேக்கா, சுதந்திர தினம். ஊரே ஜோடி ஜோடியாகத் திடலுக்குக் கொண்டாட்டம் பார்க்கக் கிளம்பியது. நான் மட்டும் ஒண்டிக்கட்டை மாதிரி போய் நிற்பதா? நானேதான் போய்ப் பொடி வாங்கி வந்தேன்.

"ஒண்ணே ஒண்ணுதான்லா. போட்டுக்கிட்டு வா, பாத்துட்டு வந்துரலாம்."

"எட்டு நாளு தாண்டிட்டேங்க" என்றாய். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு கையை நீட்டினாய்.

திடலில் சிரித்தாய். அழகாக இருந்தாய். மறுநாள் காலை நீயே கடைக்குப் போனாய். மறுபடி விடச் சொல்ல எனக்கு வாயில்லை. நீயும் கடைசிவரை விடவில்லை. தையல் மெஷினைத் திறக்கவும் இல்லை.

ஒருநாளாவது என்னைக் குத்திக்காட்டியிருக்கலாம் நீ. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். இப்போது யாரையும் "கூட வா" என்று கூப்பிட எனக்கு நா எழுவதில்லை. அன்று ஒரே ஒரு நாள் தனியாகப் போக மனமில்லாதவன், இன்று எங்கே போனாலும் தனியாகத்தான் போகிறேன்.