இரண்டடிக் கதவு

அடி அண்ணாமலை,
20.4.2025

அன்புள்ள உண்ணாமலைக்கு,

தருமன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன். குறையாகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன்.

பரணுக்குக் கதவு போட்டாகிவிட்டது. நாலு வருஷமாக நீ கேட்டது, நாலு வருஷமாக நான் அடுத்த மாசம் என்று சொன்னது. ஆவணியில் வந்த குரங்குகள் போன மாதம் மறுபடியும் சமையலறை ஜன்னல் வழியாக வந்து பரணில் குடித்தனமே நடத்திவிட்டன. புளிப்பானை உடைந்தது. ஒரு குட்டி முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இனிப் பொறுப்பதற்கில்லை என்று ஜானி பாஷாவைக் கூப்பிட்டேன். வேங்கிக்காலில் எங்கள் ஆபீஸ் மேஜை நாற்காலிகளைப் பழுது பார்க்கிற தச்சர் அவர்தான்.

ஏழடித் திறப்பு முழுக்கச் சட்டம் கொடுத்து, பிளைவுட் அடைத்து, நடுவில் இரண்டடிக்கு இரண்டடி ஒரு கதவு வைத்தார். கதவு சின்னதாக இருக்கட்டும் என்றது நான்தான். வேலை ஆரம்பிக்கும் முன், உள்ளே பெரிய சாமான் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏறிப் பார்க்கவில்லை.

கதவு போட்ட மறுநாள் உன் அண்ணன் முருகையன் போன் செய்தார். உன் சர்டிபிகேட்டுகளையும், உன் அம்மா சீராகக் கொடுத்த பித்தளை அண்டாவையும் ஓசூருக்கு அனுப்பச் சொன்னார். சர்டிபிகேட்டுகளைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அண்டாவை வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் புதுக் கதவைத் திறந்து டார்ச் அடித்தால் பரண் மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது. கையை நீட்டி டேப்பால் அளந்தேன். குறுக்கே இரண்டே கால் அடி, உயரமும் அதே. எந்தப் பக்கம் திருப்பினாலும் மூன்று அங்குலம் இடிக்கும்.

பதினோரு வருஷமாக இருக்கிற வீட்டில் பரணில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இதையும் விவரத்துக்காகவே எழுதுகிறேன்.

பலகையை உடைத்தால்தான் அண்டா வெளியே வரும், போட்ட வேலை அத்தனையும் வீணாகும் என்று ஜானி பாஷா சொல்லிவிட்டார். ஆகவே இப்போதைக்கு அனுப்ப இயலாத நிலை. நீ ஒருமுறை நேரில் வந்து பார்த்துச் சொன்னால் நல்லது. மே பன்னிரண்டு சித்ரா பௌர்ணமி. இந்த வருஷம் மோர் உண்டா என்று எதிர்வீட்டுக் கன்னியம்மாள் இரண்டு முறை கேட்டுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நம் வாசலில் கிரிவலக்காரர்களுக்கு நீ அந்த அண்டாவில் மோர் கரைக்காத சித்ரா பௌர்ணமி கிடையாது. வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
தருமன்


அடி அண்ணாமலை,
4.5.2025

அன்புள்ள உண்ணாமலைக்கு,

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. உன் அண்ணன்தான் பேசினார். "அண்டா வேணாமாம் மாப்ள. அதையும் நீங்களே வெச்சிக்கச் சொல்லிட்டா" என்றார். போனை வைத்துவிட்டார்.

உன் அம்மா காலமான பிறகு அவர் கையிலிருந்து வந்ததாக உன்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். போன கடிதத்தில் ஒரு பொய் எழுதியிருந்தேன். பலகையை உடைக்க வேண்டும் என்று ஜானி பாஷா சொல்லவே இல்லை. அவர் சொன்னது இது: "எல்லாம் ஸ்க்ரூதான் சார். அரை மணி நேரத்துல கழட்டிடலாம். ஆனா ஏறிப் பாக்காமயே ஏன் இல்லன்னு சொன்னீங்க?" அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். உனக்குப் பொய் எழுதினேன். அண்டாவுக்காகவாவது நீ வருவாய் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவரை வரவழைத்துக் கழற்றச் சொன்னேன். நானே மேலே ஏறினேன். அண்டாவை நிமிர்த்தியதும் அதற்குக் கீழே துணிப்பையில் உன் குரூப் டூ பரீட்சை நோட்டுகள் நாலு இருந்தன. அண்டாவை எதற்குக் கவிழ்த்து வைத்திருந்தாய் என்று அப்போதுதான் புரிந்தது. நான் கதவு போட மாட்டேன் என்று தெரிந்து நீயே உனக்கு ஒரு மூடி போட்டுக்கொண்டிருக்கிறாய். வெளியே இருந்த இரண்டு நோட்டுகள்தான் ஆவணியில் குரங்குகளிடம் சிக்கியிருக்கின்றன.

அன்றைக்கு நீ தரையில் உட்கார்ந்து கிழிந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். நான் வாசற்படியில் நின்று, "குரங்குங்களாவது பாஸ் பண்ணட்டும்" என்று சொல்லிச் சிரித்தேன். மறுநாள் காலை பஸ்ஸில் நீ போய்விட்டாய். நாலு காகிதத்துக்காகக் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று எட்டு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நேற்று அந்த நோட்டுகளைப் புரட்டினேன். ராத்திரி நான் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது சமையலறையில் விளக்கெரிவது இதற்குத்தான் என்று தெரியும். என்ன எழுதுகிறாய் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. தப்பு என்னுடையது, உண்ணாமலை. மன்னித்துக்கொள்.

அண்டாவைப் புளி போட்டுத் துலக்கியிருக்கிறேன். நாளைக் காலை ஓசூர் பஸ்ஸில் ஏற்றுகிறேன். நோட்டுகள் அதற்குள்ளே, என் புது வேட்டியில் சுற்றி இருக்கின்றன. பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ள உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். இதற்காக நீ வர வேண்டியதில்லை. மோர் விஷயம் கன்னியம்மாளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

பரீட்சையை நல்லபடியாக எழுது. அண்ணாமலையார் உன் பக்கம் இருக்கட்டும்.

கழற்றிய கதவு சுவரில் சாய்ந்திருக்கிறது. திரும்ப மாட்டுவதற்கு ஜானி பாஷா அளவு கேட்கிறார். பழையபடி இரண்டடியே போதுமா, அண்டா ஏறி இறங்குகிற மாதிரி இரண்டரை அடியாக வைக்கட்டுமா என்று. உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதுவரை குரங்குகள் வந்தால் வரட்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தருமன்