வாசல் புல்லுக்கு என்ன ஆச்சு?

ஜூன் 3
வாசலில் இருக்கும் அலங்காரப் புல் இன்றும் நாலாபக்கமும் சரிந்து கிடக்கிறது, குடித்துவிட்டு விழுந்தவன் மாதிரி. இந்த வீட்டுக்கு வந்த வருஷம் ஓரகத்தியும் நானும் சேர்ந்து வாங்கியது. தண்ணீர் அவள் பொறுப்பு, உரம் என் பொறுப்பு. இப்போது பேச்சே இல்லை, எங்கே ஊற்றப் போகிறாள்? நானே தினமும் ஊற்றுகிறேன். இன்னும் என்ன வேண்டுமாம் இந்தப் புல் மகாராணிக்கு?

கொடியில் யார் துணி முதலில் என்று ஆரம்பித்த சண்டை. எங்கெங்கோ போய்விட்டது.

ஜூன் 9
மாடியில் இருக்கும் கொழுந்தனும் ஓரகத்தியும் வாடகைக்கு வேறு வீடு பார்க்கிறார்களாம். சாப்பிடும்போது இவர்தான் சொன்னார். "நீயே போய்ப் பேசேன்." நான் ஏன் பேசணும்? அவளுக்கு வாயில்லையா?

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

ஜூன் 10
இருப்புக்கொள்ளவில்லை. புல்லுக்கு இன்னொரு பிடி உரம்.

ஜூன் 14
புல்லின் நடுப்பகுதி வைக்கோலாகிவிட்டது, சுற்றிலும்தான் பச்சை. படம் எடுத்துப்போய் நர்சரிக்காரரிடம் காட்டினேன். "தண்ணியும் உரமும் ஓவர்மா, அதான் சாயுது. நடுவுல காஞ்சது பழைய தூர். மொத்தமா தோண்டி, காஞ்சத எறிஞ்சுட்டு, பச்சையா இருக்கறதப் பிரிச்சு நடுங்க."

நான் ஊற்றுவது ஒரே ஒரு குவளை. அது ஓவரா?

ஜூன் 15
காலையில் கதவைத் திறந்தால் எதிரே ஓரகத்தி. ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் உரப்பை.

"நீயும் ஊத்தறியா?" என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"நான்தானே எப்பவும் ஊத்தறேன்? கோவத்துல நீங்க உரம் போட மாட்டீங்கன்னு அதையும் நானே போட்டேன்க்கா."

ஆளாளுக்கு இரண்டு பங்கு போட்டுக் கவனித்திருக்கிறோம்! அவள்தான் முதலில் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ஆனால் வீடு கிடைத்துவிட்டதா என்று கேட்க மட்டும் நாக்கு எழவில்லை. கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டால்?

ஜூன் 17
இருவருமாகத் தோண்டினோம். வேர் கல்லாக இறுகியிருந்தது. காய்ந்ததை வெட்டி எறிந்ததும் இரண்டு பங்கு தேறியது. ஒன்றைப் பழைய இடத்திலேயே நட்டேன். மற்றது அவள் கையில்.

"புது வீட்டுக்கு எடுத்துட்டுப் போகத் தொட்டி தரட்டுமா?" அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"தொட்டி எதுக்குக்கா? நம்ம துணிக்கொடிக்குப் பக்கத்துல நல்லா வெயில் அடிக்குது. குழி தோண்டுங்க."

தோண்டினேன். கண் கலங்கியதற்கு மண்மேல் பழி போட்டுவிட்டேன். தண்ணீர் அவள்தான் ஊற்றினாள். நான் வாளியைத் தொடவில்லை.