நான்கு விரல் இடைவெளி

மே 4, சனி

பாத்திகளில் பரப்பும் மூடாக்கு வந்து இறங்கிவிட்டது. வண்டிப் பாதையை அடைத்துக்கொண்டு கறுப்பு மரச்சில்லு, ஆவி பறக்க. தெருவில் ஏழு வீட்டு வாசலில் இதே மலை. ஒஹாயோவில் மே பிறந்தால் இதுதான் வேலை. இத்தனை வருடமும் அப்பா செய்தார். டிசம்பரில் வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு நான் எழுப்பி, தாங்கிப் பிடித்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைக்கிறேன். மூன்று வாரத்துக்கென்று வந்தேன். என் படிப்புக்கான புத்தகப் பெட்டிகள் பாதி இன்னும் கட்டோடு மாடியில்.

மே 5

புல்லுக்கும் பாத்திக்கும் நடுவே விளிம்பு வெட்டினேன். அப்பா ஸ்பூனால் ஜன்னல் கண்ணாடியில் தட்டுகிறார். ஒரு தட்டு என்றால் கோணல், இரண்டு என்றால் சரி. இன்று இரண்டு விழவேயில்லை. எதிர்வீட்டு கர்ட் வந்து பார்த்துவிட்டு, "ஏன் ஹேட்டி, பாம்பு போன தடத்தைப் பாத்தா வெட்டுன?" என்றார். சிரிக்கவும் தெம்பில்லை.

மே 7

ஜன்னலுக்கு எதிரே நிற்கும் டாக்வுட் பூமரத்தின் அடியைக் கிளறினேன். வருடா வருடம் அப்பா ஏற்றிய சில்லுக் குவியல், தண்டை ஒட்டி என் முழங்கால் உயரம். உள்ளே பட்டை ஊறிக் கிடக்கிறது. விரல் வைத்தால் நனைந்த ரொட்டிபோல அமுங்குகிறது. பாதிக் கிளைகளில் பூவே இல்லை.

"தண்டை ஒட்டிப் போடக்கூடாதுப்பா. அழுகுது. நாலு விரல் இடம் விடணும்."

"புஸ்தகத்துல போட்டிருக்கா?"

"ஆமா."

"அப்ப நான்தான் அதைக் கொன்னேன். அப்படித்தானே?"

சொல்லியிருக்க வேண்டாம். அப்பா சாப்பிடவில்லை. நடைப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணையும் திருப்பி அனுப்பிவிட்டார். வாசலில் அவள் என்னிடம், "இந்த மாசம் நடக்கலைன்னா அப்புறம் ரொம்பக் கஷ்டம்மா" என்றாள்.

மே 8

இன்றும் மாட்டேன் என்றார்.

மே 9

தண்டை ஒட்டி மறுபடி குவித்துவிட்டேன். அவர் பார்க்க, முழங்கால் உயரத்துக்கு. இரண்டு தட்டு. பிறகு சூப் குடித்தார். பயிற்சிக்கும் சரி என்றார்.

மரமா, அப்பாவா? யார் கேட்டார்கள், நானே கேட்டுக்கொள்கிறேன்.

மே 10

காலை ஆறு மணிக்கு, அவர் எழுமுன், தண்டைச் சுற்றிக் கையால் தோண்டி எடுத்தேன். வெளியே குவியல், உள்ளே கிண்ணம். ஜன்னலிலிருந்து தெரியாது. நான்கு விரல் வைத்து அளந்தேன்.

மே 13

மழை. சில்லெல்லாம் சரிந்து மறுபடி தண்டோடு ஒட்டிவிட்டது. மறுபடி அள்ளினேன்.

மே 19

அள்ளினேன். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அப்பா என் கையையே பார்த்தார். 

மே 26

முதுகு பிடித்துக்கொண்டது. பத்து நாளாக ஒரே பக்கத்தில் நிற்கிறது படிப்பு. அவர் நடக்கிறாரா என்று கேட்டால், கூடத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நான்கு அடி. மரம் பிழைக்குமா, தெரியாது. பட்டை கொஞ்சம் காய்ந்த மாதிரி இருக்கிறது — எனக்கு அப்படித் தோன்ற வேண்டியிருக்கிறதோ என்னவோ.

ஜூன் 2

மணி ஆறு பத்து. முழங்காலிட்டு அள்ளிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால், கண்ணாடியில் இரண்டு தட்டு.

அவரை நான் இன்னும் எழுப்பவேயில்லை.