உறவு: மாமியார்

மார்ச் 3

மெம்பர் மருமகளுக்கு,

இந்தக் கடிதம் வக்கீலின் கோட்டுப் பைக்குள் வருகிறது. படித்ததும் அவரிடமே கொடுத்துவிடு. இனி நான் எழுதுவதெல்லாம் தபாலில்தான் வரும், சிறை அலுவலகத்தில் பிரித்துப் படித்த பிறகுதான் உன் கைக்குக் கிடைக்கும்.

சங்கதி என்னவென்றால், பெற்றோர், பிள்ளைகள், புருஷன் மட்டும்தான் உனக்கு எழுதலாமாம், வந்து பார்க்கலாமாம். என் பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டான். உன்னைப் பெற்றவர்களும் இல்லை. செத்துப்போன புருஷனின் தாய்க்கு அவர்கள் சட்டத்தில் இடமில்லை. அதனால் நான்தான் பெற்ற அம்மா என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காலமெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள் நான். மீசை முளைத்தவனைக் காட்டி 'அரை டிக்கெட்' என்று சாதித்தவர்களை எவ்வளவோ பார்த்தாயிற்று. நானும் ஒரு பொய் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஆகவே நாளையிலிருந்து நான் உன் அம்மா. பழக்கதோஷத்தில் 'அத்தை' என்று எழுதித் தொலைக்காதே, குட்டு உடைந்துவிடும்.

புருஷன் செத்தாலும் கைவிட்டாலும் பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது என்று சட்டசபையில் நீ கொண்டுவந்த மசோதாதான் உன்னைப் பிடித்துப் போனதற்குக் காரணம் என்று ஊருக்கே தெரியும். காகிதத்தில் மட்டும் 'கலகம் தூண்டினாள்' என்று எழுதியிருக்கிறார்கள். நீ குடும்பங்களைக் கெடுக்கிறாயாம். நாம் இரண்டு பேரும் ஒரே சோப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டு ஒரே வீட்டில் இருந்ததை யாராவது வந்து பார்த்திருக்கலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தை (இதுவே கடைசித் தடவை)

மார்ச் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். அறையில் ஜன்னல் உயரத்தில் இருக்கிறது, வெளிச்சம் வருகிறது. நீங்கள் அனுப்பிய கம்பளிச் சட்டை கிடைத்தது. கை நீளமாக இருக்கிறது, மடித்துவிட்டுக்கொள்கிறேன். 'அம்மா' என்று எழுதி ரொம்ப வருஷமாகிவிட்டது, அந்த வார்த்தையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புருஷன் போனதும் அவன் தம்பி வெளியே தள்ளிய அந்தத் தையல்காரி என்ன ஆனாள்? அவளை அலுவலக அறையில் தங்க வையுங்கள் என்று சொல்வதற்குள் என்னை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். என்னைத் தேடி வருகிறவர்களிடம் கோபப்படாதீர்கள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 26

அருமை மகளுக்கு,

தையல்காரி உன் அலுவலக அறையில்தான் இருக்கிறாள். கட்டின புடவையும் தையல் மிஷினுமாக வந்தாள். மிஷின் சத்தத்தில் என் பகல் தூக்கம் போயிற்று. போகட்டும், வீட்டில் ஏதோ ஒரு சத்தம் வேண்டியிருக்கிறது.

காலையில் வாசலில் கூட்டம் குறையவே இல்லை. "மெம்பர் இல்லைன்னா என்ன, நீங்க எங்க குறையைக் கேட்டு எழுதிக்குங்க" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் பழைய குரலை எடுத்தேன். "படியில நிக்காதே, உள்ளே போ, உள்ளே போ." எல்லாரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

நீ கோபப்படாதே என்கிறாய். கோபப்படாமல் எப்படி இருப்பது? உன் டம்ளரை எடுத்துக் கழுவி, அதே இடத்தில் கவிழ்த்து வைக்கிறேன். தினமும் இதே வேலை. சீக்கிரம் வந்துவிடு.

உன் அம்மா

ஏப்ரல் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை உங்களுக்கு எழுதச் சொல்லி அவர்களே தாள் கொடுத்திருக்கிறார்கள். மசோதாவைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களாம். போடாவிட்டால் வழக்கு வருஷக்கணக்கில் இழுக்குமாம். என் கையெழுத்து இல்லாமல் அதைக் கைவிட முடியாது, அதனால்தான் இந்த மரியாதை.

இருமல் விடவே இல்லை. எனக்கு எதுவும் யோசிக்க வரவில்லை. நீங்கள் தனியாக இருக்கிறீர்கள் என்பது மட்டும்தான் மனதில் ஓடுகிறது. நீங்கள் போடச் சொன்னால் போட்டுவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அத்தை.

உங்கள் மகள்

ஏப்ரல் 21

என் மெம்பருக்கு,

மறுபடியும் வக்கீலின் கோட்டுப் பைதான். குட்டு உடைந்துவிட்டது. நீ எழுதிய அந்த ஒரு 'அத்தை'யைப் பிடித்துக்கொண்டு, உன் அம்மாவின் இறப்புப் பதிவு வரைக்கும் தோண்டிவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டு, அந்தப் பதிவை மேஜைமேல் வைத்துக் கேட்டார்கள். "ஆமாய்யா, மாமியார்தான், இப்ப என்னங்கிறீங்க?" என்றேன். இனி தபாலும் கிடையாது, வந்து பார்ப்பதும் கிடையாதாம். நீ கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தண்ணீர் வேறு கொடுத்தார்கள்.

நிஜத்தைச் சொல்கிறேன். இருமல் என்று படித்ததும், போட்டுவிட்டு வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். தையல்காரியிடமும் சொன்னேன். "வரச் சொல்லுங்கம்மா, அவங்க உடம்புதான் முக்கியம்" என்றாள். சொல்லிக்கொண்டே மிஷினுக்கு உறை போட ஆரம்பித்தாள். "எங்கடி போவே?" என்றேன். உறையின் நாடாவை இழுத்துக் கட்டினாள். மசோதா போனால் தனக்குப் புருஷன் வீட்டில் இனி இடமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அப்படியும் உன்னை வரச் சொல்கிறாள்.

கண்ணு, உன்னால் முடியவில்லை என்றால் போட்டுவிட்டு வா. ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் எனக்காகப் போடாதே. நான் தனியாக இல்லை.

நேற்று பார்வை நாள். விட மாட்டார்கள் என்று தெரிந்தும் போனேன். பின்னாலேயே நம் வாசல் கூட்டம் மொத்தமும் வந்துவிட்டது. நுழைவாயிலில் பதிவேட்டில் 'உறவு' என்று ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொருத்தியும் அதில் 'அம்மா' என்று எழுதினாள். உன்னைவிடச் சின்னவள் தையல்காரி, அவளும் அம்மாதான். குமாஸ்தா தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஒருத்திக்கு இத்தனை அம்மாவா?" என்றான். "ஓட்டுப் போட்டு நாங்க எல்லாரும் சேர்ந்துதானே பெத்து அனுப்பினோம்?" என்றாள் தையல்காரி. காவலுக்கு நின்ற பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அத்தனை பேரில் நான் ஒருத்திதான் உண்மையை எழுதினேன். 'மாமியார்.' குமாஸ்தா அதைக் கோடு போட்டு அடித்தான். அதற்குக் கீழேயே மறுபடி எழுதினேன்.

உன் அத்தை

ஏப்ரல் 23

அத்தைக்கு,

வக்கீல் காத்திருக்கிறார், நாலு வரிதான் எழுத முடியும். கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இருமலுக்கு மருந்து கேட்டு வாங்கியிருக்கிறேன், கவலை வேண்டாம்.

'அம்மா' என்று எழுதும்போதெல்லாம் யோசித்து யோசித்துத்தான் எழுதினேன். பயந்துபோன அன்றைக்கு யோசிக்காமல் வந்தது 'அத்தை'தான். அதனால்தான் மாட்டிக்கொண்டோம்.

மிஷின் உறையைக் கழற்றச் சொல்லுங்கள். என் டம்ளரில் அவளுக்குத் தேநீர் கொடுங்கள். அடுத்த பார்வை நாளன்றும் அந்தக் கட்டத்தில் மாமியார் என்றே எழுதுங்கள்.

உங்கள் மருமகள்