சந்தனப் பொட்டும் பனிமேகமும்

அக். 17, வியாழன்

காலையிலிருந்தே தூறல். ஆயுத பூஜை. விமான நிலையத்து வானிலை ஆபீஸ் ஷெட்டைக் கழுவியாச்சு. பூசணிக்காய் உடைத்தது நான். பாதி என் கால் கட்டைவிரலில்.

பொட்டு வைத்தது மச்சான் தனபால், மனைவியின் தம்பி. அதே ஷெட்டில் தற்காலிக வேலை. என் மகள் கலாவின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமனை வீடு தேடிப் போய் அழைக்காமல், ஷெட்டிலேயே சொல்லிவிட்டேனாம். அன்றிலிருந்து முகம் கொடுப்பதில்லை. கேஸ் சிலிண்டர், தராசு, என் சைக்கிள், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். எனக்கு மட்டும் இல்லை.

அக். 18, வெள்ளி

கறுத்த மேகம், கூரையைத் தொடுகிற மாதிரி. என் வேலை, பலூனில் கேஸ் நிரப்பி, கருவிப் பெட்டியைக் கட்டிப் பறக்கவிடுவது. எட்டாவது பெயிலுக்கு இதுவே பெரிது. திருவிழாவில் பலூன் விற்கிறவனுக்கும் எனக்கும் பென்ஷன்தான் வித்தியாசம்.

பெட்டி மேலே போகப்போகக் குளிரையும் ஈரத்தையும் ரேடியோவில் சொல்லும். உறைகிற குளிரில் ஈர மேகம் இருந்தால் விமான இறக்கையில் ஐஸ் பிடிக்கும், பறக்க முடியாமல் போகும். இன்று வந்த தகவல்: மேலே குளிர், ஆனால் சுத்த வறட்சி.

அதிகாரி ஜன்னலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். இத்தனை மேகத்தில் ஈரமே இல்லையா, பெட்டியில் யாராவது கை வைத்தீர்களா என்றார்.

ஷெட்டுக்கு ஓடி மிச்சப் பெட்டிகளைத் திறந்தேன். ஈரம் பார்க்கிற மெல்லிய பட்டையில், ஒவ்வொன்றிலும், ஈரம் படவிடாமல் காய்ந்த சந்தனம். பக்தி முற்றி, தனபால் மூடியைத் திறந்தே பொட்டு வைத்திருக்கிறான்.

பின்னாலேயே வந்து நின்றான். "மாமே, வாய தொறக்காத. அடுத்த மாசம் என்னிய பர்மனென்ட் பண்றாங்க. சொன்னன்னு வையி, உன் ஊட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்."

இப்போது மட்டும் மிதிக்கிறாயா என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். வெளியே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு விமானம் கிளம்பத் தயார்.

அதிகாரியிடம் சொன்னேன்.

பிரிக்காத பார்சலிலிருந்து புதுப் பெட்டி, இன்னொரு பலூன். மேலே நல்ல ஈரம். ஐஸ் எச்சரிக்கை போனது. விமானம் நின்றது. சாயந்தரத்துக்குள் தனபாலை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். போகும்போது என் சைக்கிள் சீட்டில் துப்பிவிட்டுப் போனான்.

அக். 19, சனி

வெயில். நேற்று நின்ற விமானம் இன்று நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாம்.

ஷெட்டில் எல்லோருக்கும் டீ வந்தது, எனக்கு இல்லை. குவார்ட்டர்ஸ் குழாயடியில் காதில் விழுந்தது: "சொந்த மச்சானையே போட்டுக் குட்த்தவன்." அவசரத்தில் யார் குடத்தையோ தூக்கி வந்துவிட்டேன். திருடன் பட்டமும் சேர்ந்தது.

அக். 20, ஞாயிறு

வெள்ளிக்குப் பிறகு இன்றுதான் மனைவி வாய் திறந்தாள். "அந்த பிளேனு போயிருந்தா, உழுந்திருக்குமாயா?"

தெரியாது என்றேன். ஐஸ் பிடித்தும் தப்பி வருவது உண்டு.

"தெரியாமயா என் தம்பி சோத்துல மண்ண போட்ட?"

விழாத விமானத்தை வைத்துக்கொண்டு என்னத்தை நிரூபிக்க? தட்டை வைத்துவிட்டுப் போனாள். வெறும் சோறு. கலா ஊறுகாயோடு வந்தாள். அவளையும் மனைவி உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள்.