மீன் எண்ணெய் குடித்த பிரேக்

தூத்துக்குடி,
நவம்பர் 1947

அன்புள்ள மகன் கஸ்பாருக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீயும் மருமகள் ஞானதீபமும் பம்பாயில் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், அதுவும் உன் மாமன் மனுவேலின் கைவேலைக்குத் தப்பி. கிறிஸ்மசுக்கு நீ லீவில் வருவதும், வந்த மறுநாளே ஞானதீபத்தை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு புன்னைக்காயலில் அவள் வீட்டுக்குப் போகப்போவதும், அதற்குள் வண்டியைத் தயார் செய்து வைக்கும்படி நீ மாமனுக்கு எழுதியதும், எல்லாம் அந்த மாமன் வாயால்தான் எனக்குத் தெரிந்தன. பெற்றவனுக்கு எழுதும்போது மட்டும் உனக்கு மை வற்றிவிடுகிறது போலும். அது கிடக்கட்டும். இன்றுள்ள நிலையில் அந்த வண்டியில் நீ ஏறக் கூடாது, அவளை ஏற்றவே கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட வண்டியை நீ வாங்கி என்னிடம் விட்டுப் போன நாள் முதல், என்னால் ஆனதை நானே செய்து வருகிறேன். பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டுவது, செயினைத் தளராமல் பார்ப்பது, டயருக்குக் காற்று, கடல்காற்றில் படியும் உப்பை நல்ல தண்ணீரால் கழுவித் துடைப்பது, இவற்றுக்கு இன்னொருவன் எதற்கு? மாக்னெட்டோவை நான் தொட்டதில்லை, பிஸ்டன் வளையங்களையும் தொட்டதில்லை, அவை தொழில் தெரிந்தவன் பார்க்க வேண்டியவை. பிரேக்கையும் அந்தக் கணக்கில் சேர்த்து, உன் சொற்படி, மனுவேலிடம் விட்டேன். லாஞ்சு எஞ்சின் ஓட்டியவன், கடற்கரையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன், ஊரே மெச்சும் மெக்கானிக். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பேசத் தெரியவில்லை என்று கேலி செய்த வாய்தான், இன்றுவரை ஓயவில்லை. ஆனாலும் உனக்காக விட்டேன்.

போன மாதம் உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஆத்தூருக்கு ஒரு சாவுக்குத் துட்டி கேட்கப் போனேன். ஊரை நெருங்கும்போது வெற்றிலைக் கட்டு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று சந்திலிருந்து ரோட்டில் ஏறியது. பிரேக்கை மிதித்தேன். மிதி காலுக்குக் கெட்டியாகத்தான் இருந்தது, சக்கரம் மட்டும் கேட்கவில்லை. கைப்பிரேக்கும் அப்படியே. வண்டியை ஒடித்துத் திருப்பிக் வெற்றிலைத் தோட்டத்துக் கொடிக்கால் வாய்க்காலுக்குள் விழுந்தோம். உன் அம்மாவின் முழங்கை உரிந்து எலும்பு தெரிந்தது. வண்டிக்காரன் மாட்டை நிறுத்திவிட்டு, “என்ன அண்ணாச்சி, வெத்தல வேணும்னா கடைக்கு வாரும், கொடிக்காலுக்குள்ள எதுக்கு மோட்டார விடுதீரு” என்று கேட்டான். அந்தச் சேற்றில் கிடந்து அதையும் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து சக்கரங்களைக் கழற்றித் திறந்தேன். மீன் எண்ணெய்! தோணிப் பலகைக்குப் பூசுகிறார்களே, அதே நாற்றம் பிடித்த எண்ணெய். டிரம்மின் உட்புறம், அதை அழுத்திப் பிடித்து நிறுத்தும் பிரேக்கின் லைனிங், எதையும் விடவில்லை, மணலும் கரியும் சேர்ந்து களிம்பாகிக் கிடந்தது. எத்தனை முறை சோப்புப் போட்டும் அன்று சோற்றில் கை வைக்க முடியவில்லை. அந்த லைனிங்கை எடுத்துக்கொண்டு போய் மனுவேலிடம் கேட்டேன். வெட்கப்படுவான் என்று நினைத்தது என் மடமை. “உப்புக்காத்து இரும்பத் தின்னுரும் அத்தான். தோணிக்கு வருசாவருசம் பூசுதோம், ஒரு ஆணியாவது துருப்புடிச்சிருக்கா?” என்றான். தோணிக்குப் பிரேக் கிடையாதடா என்றேன். “படிச்ச கைக்குப் பேனாதான் தோது அத்தான், ஸ்பேனரப் புடிச்சா சுளுக்கிரும்” என்றான். கடையே சிரித்தது. வீட்டில் வந்து சொன்னால், முழங்கையில் கட்டோடு உன் அம்மாவும் சிரித்தாள்.

சாயர்புரத்தில் தேவமணி என்று ஒருவன், பட்டாளத்தில் இதே வண்டிகளைப் பழுது பார்த்தவன். அவனும் பெரிய மனிதன் இல்லை, மத்தியானம் முழுக்க என்னைக் காக்க வைத்து என் கால்மாட்டில் வெற்றிலைச் சாற்றைத் துப்பினான். ஆனால் லைனிங்கை மோந்து பார்த்ததும் தூர எறிந்தான். “எண்ணெய் குடிச்சது தொடச்சாலும் போவாது, சுட்டாலும் போவாது. புதுசு போடாம ஓட்டுனா அடுத்த தடவ வாய்க்கால் கெடைக்காது” என்றான். புதியது இங்கே கிடைக்கவில்லை. மனுவேலோ பெட்ரோல் விட்டுத் துடைத்தால் போதும் என்கிறான். ஞாயிறு பூசை முடிந்ததும் சக்கரங்களை எடுத்துப்போகக் கைவண்டியோடு வாசலில் வந்து நின்றான். இரண்டு சக்கரங்களையும் அறையில் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறேன். “எந் தம்பி உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுனான், சக்கரத்தக் குடுத்துருங்க” என்று உன் அம்மா நச்சரிக்கிறாள். நீ ஒரு வரி எழுதினால் போதும், பூட்டை உடைத்துக் கொடுத்துவிடுவாள்.

ஆகவே கேள். கெட்டால் வண்டி நின்றுபோகும் வேலையை யாரிடம் வேண்டுமானாலும் விடு, நடந்து வீட்டுக்கு வரலாம். கெட்டால் வண்டி நிற்காமல் போகும் வேலையை நீயே திறந்து பார், அல்லது வேலை முடித்ததும் உன்னோடு வண்டியில் ஏறிவரத் துணிகிறவனிடம் கொடு. மனுவேலை ஏறச் சொன்னேன். கடையில் ஆள் இல்லை என்றான். பம்பாயில் இரண்டு சக்கரத்துக்கும் லைனிங் வாங்கி வா, மறந்துவிடாதே. மாமன் சக்கரத்தைத் தொடக் கூடாது என்று உன் கைப்பட அவனுக்கு எழுது. தேவமணி மாட்டிய பிறகு முதலில் நீ தனியாக ஓட்டிப் பார். ஞானதீபத்தை மழையில் நனைய விடாதே, அவளுக்குச் சளி பிடிக்கும் உடம்பு. பனிமய மாதா உங்கள் இருவரையும் குறையில்லாமல் காக்கட்டும்.

கீழே உன் அப்பன் என்று கையெழுத்துப் போட்டால், மச்சினன் மேலுள்ள பழைய பகை என்று மடித்து வைத்துவிடுவாய். போன தடவை அவனைப் பற்றி எழுதியபோது அப்படித்தான் செய்தாய். அந்தச் சக்கரத்தைத் திறந்து பார்த்த எவனோ ஒருவன் எழுதியதாக வைத்துக்கொள், ஊர்பேர் தெரியாதவன் சொன்னால் நீ கேட்பாய். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.