முடிந்தது என்று சொல்லாத மனிதர்

மார்ச் 4
காலையில் இவர் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டே, "இந்த ஒரு வேலை முடிஞ்சதும் லீவு. நேரா பொண்ணு வீடுதான்" என்றார். மின்சார அலுவலகத்தின் பழைய பில் விவரம் மொத்தத்தையும் புதுக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்க வேண்டுமாம். மகளுக்கு மாதக் கடைசியில் பிரசவம். "ஒரே அமுக்குதான்" என்றார். இருக்கும் நாலு முடியை வாரவே அரை மணி நேரம் எடுப்பவர்.

மார்ச் 6
அமுக்கினார். அலுவலகமே படுத்துவிட்டது.
கம்ப்யூட்டர் எதைச் செய்தாலும் 'இன்னதைச் செய்தேன்' என்று எழுதி வைத்துக்கொள்ளுமாம். நடுவில் ஏதாவது கெட்டால் வந்த வழியே திரும்பிப் போக. லாக் என்று பெயர். இவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நகல் எடுக்க, லாக் பெருத்துப் பெருத்து டிஸ்க் முழுவதையும் அடைத்துக்கொண்டது. பில் கட்ட வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்; கம்ப்யூட்டரும் நிற்கிறது.
"அப்போ வீடு மாத்தறப்போ, சாமானை விட சாமான் எழுதின சீட்டு பெருசாகி வண்டியில இடமில்லாம போச்சு. அப்படித்தானே?"
"நக்கல் பண்ணாதடி."
நான் என்றைக்கு நக்கல் பண்ணாமல் இருந்தேன்?

மார்ச் 7
பாதியில் நிறுத்திவிட்டார். நிறுத்தினால் தீர்ந்ததா? செய்ததையெல்லாம் அது ஒவ்வொன்றாக அவிழ்க்கிறதாம். முடிச்சுப் போட எடுத்ததைவிட அவிழ்க்கத்தான் அதிக நேரம்.
மேலாளர், "அந்த லாகை அழிச்சுத் தொலைய்யா" என்றாராம். "அழிச்சா உள்ள இருக்கறதும் போயிடும் சார்" என்று இவர் காலில் விழாத குறை. கடைசியில் மேலாளர் இன்னொரு டிஸ்க் மாட்டிக் கொடுத்தாராம். யானைப் பசிக்குச் சோளப்பொரி.
மகள் போனில் கேட்டாள்: "அப்பா வருவார்ல?"
"வராம எங்க போவார்" என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

மார்ச் 10
சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து நகல் எடுக்கிறாராம். அப்பாடா.

மார்ச் 11
அப்பாடாவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.
பிரித்தார், சரி. ஆனால் எதற்கும் இருக்கட்டும் என்று அத்தனை பகுதியையும் ஒரே முடிச்சுக்குள் போட்டிருக்கிறார். கடைசி வரை ஒன்றுக்குக்கூட 'முடிந்தது' என்று சொல்லவில்லை. சொன்னால்தானே லாக் பழையதை விடும்? மறுபடியும் டிஸ்க் நிறைந்தது.
ஆள் அப்படி. கதவைப் பூட்டி மூன்று தடவை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து நாலாவது தடவை இழுப்பவர். கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிடுவாரா?
நகல் முடியாமல் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்புக் காட்டினேன், சிரிக்கவில்லை. என்ன மனுஷன் இவர். என் தட்டையும் மூடி வைத்தேன்.

மார்ச் 13
இப்போது ஒரு பகுதி, உடனே 'முடிந்தது', லாகை வேறிடத்தில் சேமித்து இடத்தைக் காலி செய்துவிட்டு அடுத்த பகுதி. லாக் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறதாம்.
"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."
"உங்களுக்கும் தெரியுமா?"
"தெரியும்."
"அப்புறம்?"
"பயம்."
மோரை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினேன்.
மதியம் மருமகன் போன். வலி முன்கூட்டியே வந்துவிட்டது. இவர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "பாதில விட்டுட்டு எப்படிடி வர்றது?" என்றார். நான் மட்டும் பஸ் ஏறினேன்.

மார்ச் 14
பெண் குழந்தை. இருவரும் நலம்.

மார்ச் 17
வந்து சேர்ந்தார். நகல் முடிந்ததாம். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.
"ஒண்ணு விடாம சொல்லு. வலி எப்ப வந்தது, அவ என்ன சொன்னா, குழந்தை எப்படி அழுதுச்சு?"
இந்த நோட்டை நீட்டினேன். புரட்டினார்.
"பொறந்த நாளுக்கு ஒத்தை வரியா?"
"எழுதறது பெருத்தா வேலை நின்னுடும்னு நீங்கதானே சொன்னீங்க? நான் பிள்ளையைப் பார்த்துட்டு இருந்தேன்."
கட்டிலில் இருந்து மகள், "அம்மா, போதும். அப்பா மடியில குடு" என்றாள்.
கொடுத்தேன். சரியாகப் பிடித்திருக்கிறோமா என்று இவர் ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. குழந்தை மடியை நனைத்தது. மனிதர் அசையவில்லை.